ஓலைக்கட்சிக் கழுதையும் நாணல்கட்சி ஆடும்

காட்டோரம் ஒரு குளம். குளக்கரையில் ஒரு இலுப்பை மரம். ஞாயிறுதோறும் மிருகங்களெல்லாம் அந்த மரத்தடியில் கூடிச் செபம் செய்யும். செபத்தை நடத்துவது கொக்கு உபதேசியார். ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார். காலும் வலிக்காது, வாயும் வலிக்காது அவருக்கு.

கடைசியில் "சமாதானம் சொல்லுங்கள்" என்பார். உடனே ஒவ்வொரு மிருகமும் பக்கத்தில் நிற்கிற மிருகத்தின் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். அது அங்கே வழக்கம்.

ரோசலி என்கிற வெள்ளாட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பது செபஸ்தியான் என்கிற கழுதை. பாவம், அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை போய்விட்டது. சமாதானம் சொன்னதும் ரோசலியின் முதுகில் தாடையை வைத்துக்கொள்வார். அவள் மெல்ல நடந்து, குளத்துச் சரிவில் அவரை இறக்கித் தண்ணீர் காட்டி, வீட்டில் கொண்டுபோய் விடுவாள். போன மழைக்கு வெள்ளம் வந்தபோது அவளுடைய இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றவர் அவர். அதை அவள் மறக்கவில்லை. தேர்தல் வருகிற வரைக்கும் மறக்கவில்லை.

ஆமாம், குளத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. எருமையார் ஓலைக்கட்சி. சரிவில் பனந்தடி போட்டுப் படி கட்டித் தருவேன் என்றார். நரியார் நாணல்கட்சி. நாணலை ஒருவரும் வெட்டவிடமாட்டேன், கோடையிலும் தின்னப் பச்சை கிடைக்கும் என்றார். இரண்டுமே நல்ல காரியம்தான். அதோடு விட்டிருக்கலாம். விட்டார்களா?

ஆண்டவர் பவனி வந்தபோது சனங்கள் பிடித்தது ஓலையைத்தானே, அப்படியானால் ஆண்டவரே எங்கள் கட்சிதான் என்றார்கள் ஓலைக்காரர்கள். நசுங்கின நாணலைக்கூட ஒடிக்காதவர் என்று வேதமே சொல்கிறது, நாணல்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் பாருங்கள் என்றார்கள் நாணல்காரர்கள். ஆண்டவரின் அந்தப் பவனியை நினைத்து எல்லோரும் ஓலை பிடித்துப் போகிற குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்றைக்கு நாணல்காரர் ஒருவர்கூட ஓலையைத் தொடவில்லை. எதிர்க்கட்சிச் சின்னமாம்! ஓலைக்காரர்களோ பவனியில் பாட வேண்டிய பாட்டை விட்டுவிட்டு எருமையாருக்கு வாழ்க போட்டார்கள். உபதேசியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிரசங்கத்தைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்.

ரோசலி நாணல்கட்சி. குட்டிகள் வைத்திருக்கிறவள், பச்சையைத்தானே பார்ப்பாள்? ஆனால் செபஸ்தியான் ஓலைக்கட்சி என்று தெரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை நாள் கூட்டிக்கொண்டு போனது நான், படி கட்டித் தருகிறேன் என்று எவனோ சொன்னதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாரே என்று மனசுக்குள் குமைந்தாள். அவரிடம் கேட்கவுமில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. உபதேசியார் சமாதானம் என்றார். செபஸ்தியான் வழக்கம்போல மூக்கை நீட்டினார். ரோசலி பார்த்தாள். அவர் கழுத்தில் ஓலை தொங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமிருந்த முயலுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். இரண்டு கட்சிக்கும் அன்றைக்குக் கூட்டம் இருந்தது. எல்லோரும் அவசரமாகக் கலைந்தார்கள். தன்னிடம் ஆதரவு கேட்டுவிடப்போகிறார்கள் என்று பயந்து உபதேசியாரும் பறந்துவிட்டார்.

நாணல்கட்சிக் கூட்டத்தில் ரோசலியைப் பேசச் சொன்னார்கள். அடேயப்பா, என்ன பேச்சு! அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டும் காணாமல் விலகிப் போனவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன கதையை எடுத்தாள். "அப்படி விலகிப் போனவர்கள் வேறு யாருமில்லை, இந்த ஓலைக்கட்சிக்காரர்கள்தான்" என்று முடித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நரியாரே எழுந்து வந்து மாலை போட்டார்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று குளத்துக்கு வந்தாள். உச்சி வெயில். இலுப்பை மரத்தின் நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. அந்த வெயிலில் செபஸ்தியான் தனியாக நின்றுகொண்டிருந்தார். கால்கள் நடுங்கின. உதடு வெடித்திருந்தது. மூக்கு மட்டும் இன்னும் செபத்தில் அவள் நின்ற திசையிலேயே நீண்டிருந்தது.

ரோசலி கிட்டே போனாள். காலடிச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரோசலியா? வந்துட்டியா தங்கச்சி?"

"செபம் எப்பவோ முடிஞ்சுபோச்சு அண்ணே. நான்தான் உங்களுக்குச் சமாதானம் சொல்லாமப் போயிட்டேன்."

"எல்லாரும் போற சத்தம் கேட்டுது. நீ போயிருக்கமாட்டேன்னு நெனச்சேன். அதான் நின்னேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் மூக்கோடு மூக்கை வைத்தபடி ஓவென்று அழுதுவிட்டாள். ஏன் அண்ணே ஓலைக்கட்சிக்குப் போனீர்கள், நான் கூட்டிப்போவது போதவில்லையா என்று அப்போதுதான் கேட்டாள்.

"படி வந்துட்டா ஒன்னைத் தெனமும் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னுதான்" என்றார் செபஸ்தியான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனாலும் என் ஓட்டு ஓலைக்குத்தான். அதுல மாத்தமில்ல" என்றார்.

அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என் ஓட்டு நாணலுக்குத்தான். வாங்க, மொதல்ல தண்ணி குடிப்போம்" என்றாள்.

தாடையை அவள் முதுகில் வைத்தார். இருவரும் சரிவில் இறங்கினார்கள். எதிரே நரியார் தன் ஆட்களோடு வந்தார். ஓலை கட்டின கழுதையைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. மாலை போட்ட ஈரம் காயவில்லை, அதற்குள் எதிரிக்கு வழிகாட்டுகிறாயா, நீ எந்தக் கட்சி என்று அதட்டினார்.

"அதை ஓட்டுப் போடுற அன்னைக்குச் சொல்றேன் தலைவரே. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இவருக்குத் தாகம்" என்றாள் ரோசலி.

நரியார் தள்ளி நின்றார்.

தேர்தலில் யார் ஜெயித்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ஓலைதான். ரோசலிக்கு அது பெரிய வருத்தம். இரண்டு நாள் சரியாகப் புல்கூடத் தின்னவில்லை. இருந்தாலும் அந்த ஞாயிறு உபதேசியார் சமாதானம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் மூக்கு செபஸ்தியானின் மூக்கைத் தொட்டுவிட்டது.

எந்தக் கட்சி வேண்டும் என்று நாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் யாரை நேசிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற வேலையை ஆண்டவர் நம்மிடம் கொடுக்கவில்லை.