ஈர் இருந்த தூரம்

பேன் சீப்பு முடியில் இழுபடும் சரக் சரக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் ஒன்றாம் வகுப்பு முழுக்கப் பேன். தலைமையாசிரியை பள்ளி ஆயாவை அழைத்தார்.

“காத்தாயி, செங்கல்சூளை அஞ்சலைதான் கொண்டுவந்திருப்பாள். பார்த்துச் சொல். கொண்டுவந்தவளை இன்றே பள்ளியைவிட்டு நிறுத்துகிறேன்.”

“யாரா இருந்தாலுமா டீச்சர்?”

“யாராக இருந்தாலும்.”

ஆயா எல்லாத் தலையையும் வாரிப் பார்த்தாள்.

“அஞ்சலைக்கு ஈரெல்லாம் முடியோட வேரிலேயே இருக்கு. போன வாரம் வச்சது. முடி வளர வளரத்தான் ஈர் தள்ளிப் போகும். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருக்கு. ரெண்டு மாசப் பேன்.”

“யார் அது?”

“உங்க வீட்டுப் பாப்பாதான் டீச்சர்.”

தலைமையாசிரியை தன் பின்னங்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“எல்லாருக்கும் வாரிவிடு” என்றார்.

அஞ்சலை ஐந்தாம் வகுப்புவரை அங்கேயே படித்தாள்.