கடைசிப் பட்டையில் பேச்சித்தாய்

சங்கரபாண்டியன் லேப்டாப்பை மேசையில் வைத்த வேகத்தில் டீ கிளாஸ் கவிழ்ந்தது. துடைக்கவும் இல்லை மனுஷன்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டு மாடிக்கு அவர்தான் மேனேஜர். இந்த வயதில் டேட்டா அனாலிசிஸ் படிக்க வந்திருக்கிறார். சொல்லிக்கொடுக்கிற நிலோபருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தன் கடை விற்பனையை வைத்தே, கணக்கைப் படமாகக் காட்டும் ஒரு டாஷ்போர்டு செய்து பழகிக்கொண்டிருந்தார். போன வாரம் அதை முதலாளியிடம் பெருமையாகக் காட்டியும் விட்டார்.

"இந்தப் படிப்பே வேண்டாம் டீச்சர். பச்சைப் பொய் சொல்லுது."

"என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"யாரு எவ்வளவு வித்தாங்கன்னு படம். கடைசில சிவப்புப் பட்டையா நிக்குது பாருங்க, அது பேச்சித்தாய். அவளைத் திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுதாரு முதலாளி. அதையும் நானே சொல்லணுமாம்! புருஷன் இல்லாத பொம்பள, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க. வயிறு எரியுது டீச்சர்."

"அவங்க விக்கலையா?"

"நல்லாக் கேட்டீங்க! கல்யாணப் பட்டு பூரா அவதான் எடுத்துப் போடுவா. பொண்ணுக்கு ஒரு நிறம் பிடிக்கும், அத்தைக்கு வேற நிறம், மாப்பிள்ளையோட அம்மாவுக்கு எதுவுமே பிடிக்காது. அம்புட்டுப் பேரையும் சமாளிச்சு ஒரு முடிவுக்குக் கொண்டாருவா. தொண்டை கட்டிப்போவும் அவளுக்கு."

"முடிவானதும் பில் போட்டுருவாங்களா?"

"அது எப்படி? கல்யாணச் சேலைக்கு ராகு காலத்துல யாராவது காசு கொடுப்பாங்களா? எடுத்து வைங்கன்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிருவாங்க. நல்ல நேரம் பாத்து வந்துதான் பில்லு."

"அப்ப பேச்சித்தாய் எங்க இருப்பாங்க?"

"அடுத்த குடும்பத்துக்கு விரிச்சுக்கிட்டு இருப்பா. பில் கவுண்டர்கிட்ட நிக்குற கோமதிநாயகம்தான் எடுத்து வெச்சதைத் தூக்கிக் கொடுப்பான். பில்லுல அவன் பேரு ஏறிரும். படத்துல முதல் ஆளே அவன்தான்! பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியுமா அவனுக்கு? கேளுங்க!"

நிலோபர் சிரிக்கவில்லை. கோபத்தில் அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கடைல யாருக்குத்தான் தெரியாது? இந்த மெஷினுக்குத்தான் தெரியல. அழிச்சுத் தொலைங்க இந்தக் கருமத்தை!"

அவள் அழிக்கவில்லை. மௌஸை எடுத்தாள். படத்தின் தலையில் அவர் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 'விற்றவர்' என்ற தலைப்பை மட்டும் நீக்கினாள். அந்த இடத்தில் 'பில்லுக்குத் துணி எடுத்துக் கொடுத்தவர்' என்று அடித்தாள். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சங்கரபாண்டியன் உற்றுப் பார்த்தார். கோமதிநாயகம் அதே உயரத்தில் நின்றான். பேச்சித்தாய் அதே கடைசியில்தான் இருந்தாள். தலைப்பை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"எண்ணு ஒண்ணும் மாறலையே டீச்சர். இதைக் கொண்டுபோய் முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"முதல்ல அங்க 'விற்றவர்'னு எழுதினது யாருன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. திங்கக்கிழமைக்கு முன்னாடி சொல்லுங்க."