எட்டுக் குதிரை தாங்கின எஞ்சின்

கிணற்றில் தண்ணியும் ஆள்களிடம் புத்தியும் ரொம்ப ஆழத்தில் கிடந்த ஒரு காலத்தில், கரிசல்காட்டுப் பக்கம் அரைக்கிணத்துப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் பாதிதான் சொல்லுவார்கள். அதற்குள் அவர்களுக்கு வேறு ஜோலி வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எந்தப் பொருளானாலும் அது எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் புழங்க மாட்டார்கள். தெரிந்துகொள்ளும் வழியும் லேசுதான். முறிகிற வரைக்கும் ஏற்ற வேண்டியது, முறிந்ததும் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டியது. ஓடைக்குப் பாலம் போட்டு முடித்த அன்றைக்கே, அதன்மேல் பாரவண்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு வண்டிக்குப் பாலம் அசையவில்லை. ஏழாவது வண்டி ஏறியதும் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டது. 'இப்பாலம் ஆறு வண்டி தாங்கும்' என்று கரையில் ஒரு பலகை நட்டார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் பலகையைப் படித்துவிட்டு, நிம்மதியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடையில் இறங்கி அக்கரை போவார்கள்.

இப்படியே கல்யாணப் பந்தி அண்டா, கோயில் மணிக்கயிறு, ஊர்ப் பொதுக்கட்டில் என்று எல்லாவற்றுக்கும் அங்கே அளவு உண்டு. சாமான்தான் இல்லை.

அந்த ஊரில் முறியாமல் மிச்சமிருந்த பெரிய பொருள் வெள்ளைக்கண்ணுவின் டீசல் எஞ்சின் ஒன்றுதான். அஞ்சு குதிரைசக்தி. அவன் பெண்டாட்டி செல்லக்கிளியின் சீதனமாக வந்தது. அவள் வேற்றூர்க்காரி, ஆகவே கொஞ்சம் புத்தி உண்டு. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குதிரைசக்தி என்றால் உள்ளே குதிரை இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு ஊர்க்காரர்களும் முட்டாள்கள் இல்லை. எஞ்சின் வந்த அன்றே திறந்து பார்த்துவிட்டார்கள்.

அந்த வருஷம் வெள்ளைக்கண்ணு வெங்காயம் போட்டிருந்தான். காய் திரளுகிற நேரம். இன்னும் ரெண்டு தண்ணி பாய்ந்தால் கரை சேர்ந்துவிடலாம். அப்போது பார்த்துக் கிணற்றுத் தண்ணி கீழே போய்விட்டது. எஞ்சின் ஓடுகிறது, குழாயில் காற்றுதான் வருகிறது. வெள்ளைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்குப் போய் மெக்கானிக் அந்தோணியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அந்தோணி எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு திருகாணியைக் காட்டினார். இதை ஒரு சுற்று முடுக்கினால் ஒரு குதிரை கூடும் என்றார். ரெண்டு சுற்று போதும், ஏழு குதிரையில் தண்ணி ஏறிவிடும்.

"கம்பெனி பிளாக்கு, இந்த இரும்பு உடம்பு, ஏழு வரைக்கும் பயமில்லாமத் தாங்கும் அண்ணாச்சி. அதுக்கு மேல போனா விரிஞ்சிரும்னு நெனைக்கேன். சூடேற விடாதீங்க. காதைக் குடுத்துக் கேளுங்க, சத்தம் மாறுச்சுன்னா கையை எடுத்துருங்க."

அவர் போனதும் எஞ்சின் ரூமில் ஊர் கூடிவிட்டது. எதற்கும் முன்னால் நிற்கிற, வெள்ளைக்கண்ணுவின் பெரியப்பா கொண்டையா வந்தார். அவர் என்ன சொன்னாலும் அதைச் செய்துவிட்டு யோசிக்கிற இருளப்பன் வந்தான். சப்பாணிமுத்து பனையோலை விசிறியோடு வந்து, சூடேற விடக்கூடாது என்று எஞ்சினுக்கு வீச ஆரம்பித்தான். எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

ஸ்டார்ட் பண்ணி ஒரு சுற்று முடுக்கினார்கள். ரெண்டாவது சுற்றும் முடுக்கினார்கள். குழாய் ரெண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணியைக் கொட்டியது. இருளப்பன் மெக்கானிக் சொன்னபடி காதைக் கொடுத்துக் கேட்டான். பிளாக்கிலேயே வைத்துக் கொடுத்ததால் காது பழுத்துவிட்டது. சத்தம் எப்படி என்று கேட்டதற்கு, எஞ்சின் சத்தத்தைவிடத் தன் சத்தம்தான் பலமாகக் கேட்டது என்றான்.

பொழுது சாய்கிறதற்குள் காடு முழுக்க ஒரு தண்ணி பாய்ந்துவிட்டது. வாய்க்காலை மாற்றிவிட்டுக் கொண்டிருந்த செல்லக்கிளி, மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள். இன்னும் ஒரே ஒரு தண்ணிதான். வெள்ளைக்கண்ணுவுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எஞ்சினை அணைக்கப் போனான்.

"இரு" என்றார் கொண்டையா. "ஏழு தாங்கிருச்சு. எட்டு தாங்குமா?"

"தெரியாது பெரியப்பா. மெக்கானிக்கு விரிஞ்சிரும்னு நெனைக்காராம்."

"நெனைக்காரு. பாத்தாரா?"

"பாக்கலை."

"ஒருத்தர் நெனைப்பை நம்பி வெள்ளாமை வைக்கலாமா?"

அதுவரைக்கும் வெள்ளைக்கண்ணுவுக்கு வெங்காயக் கவலை மட்டும்தான் இருந்தது. இப்போது, எவ்வளவு தாங்கும் என்றே தெரியாத ஒரு பொருளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோமே என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது சுற்று முடுக்கினான். எஞ்சின் குதித்துக் குதித்து ஓடியது, ஆனால் ஓடியது. எட்டுக் குதிரை. மெக்கானிக்கின் நெனைப்பு தப்பு என்று தெரிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்.

"அப்ப ஒம்பதும் தாங்குமோ என்னவோ" என்றான் சப்பாணிமுத்து, விசிறிக்கொண்டே.

"அந்த 'என்னவோ' இருக்கே, அதுதான் ஆபத்து" என்றார் கொண்டையா.

நாலாவது சுற்று முடுக்கியதும் சத்தம் மாறியது. அம்மிக்கல்லைத் தகர டின்னில் போட்டு உருட்டின மாதிரி இருந்தது. மெக்கானிக் சொன்னது வெள்ளைக்கண்ணுவுக்கு நல்லா ஞாபகம் இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டான். கொண்டையாவும் கையை எடுத்தார். இருளப்பன் பழுத்த காதிலிருந்து கையை எடுத்தான். சப்பாணிமுத்து விசிறியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே எடுத்தான். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செல்லக்கிளி வரப்பில் ஓடிவந்தாள். "அதை அணைங்களேன், நிக்கீகளே."

"கையை எடுக்கச் சொல்லித்தான் மெக்கானிக்கு உத்தரவு, மருமகளே" என்றார் கொண்டையா, கையை இறக்காமல். "அணைக்கச் சொல்லலை."

அவள் வாசலுக்கு வருவதற்கும் பிளாக் 'டம்'மென்று விரிவதற்கும் சரியாக இருந்தது. புகை கலைந்தபோது விரிசல் மேலிருந்து கீழே வரைக்கும் ஓடியிருந்தது. கொண்டையா குனிந்து பார்த்துவிட்டு வெள்ளைக்கண்ணுவின் தோளைத் தட்டினார்.

"எட்டு. இனிமே நீ எதுக்கும் பயப்பட வேண்டாம்."

உண்மையிலேயே வெள்ளைக்கண்ணுவுக்கு மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சுண்ணாம்பு குழைத்து, விரிசலுக்குப் பக்கத்திலேயே 'எட்டுக் குதிரை தாங்கும்' என்று எழுதினான். எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் வெங்காயம் ஞாபகம் வந்தது. செல்லக்கிளியைக் காணவில்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெங்காயத் தாள் நுனி பழுக்க ஆரம்பித்தது. வெள்ளைக்கண்ணு செம்பில் மோந்து ஊற்றிப் பார்த்தான். காட்டின் ஒரு மூலை நனைவதற்குள் மறுமூலை காய்ந்தது. எஞ்சின் எட்டு தாங்கும் என்று தெரிந்தும் ஏன் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை.

செல்லக்கிளி திரும்பி வந்தாள். மாட்டுவண்டியில் வந்தாள். வண்டியில் அவள் தம்பியின் எஞ்சின் இருந்தது, பத்துக் குதிரை. இறக்கி மாட்டிக் கொடுத்துவிட்டுத் தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவளே ஹேண்டிலைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணினாள். தண்ணி பாய்ந்தது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வெள்ளைக்கண்ணுவை அனுப்பிவிட்டு, இரும்பு ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி எஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

வாசனை பிடித்தது மாதிரி ஊர் வந்துவிட்டது.

"பத்துன்னு எழுதியிருக்கு. எழுதினவன் பாத்தானா?" என்று ஆரம்பித்தார் கொண்டையா.

"கிட்ட வந்தா ஹேண்டில்தான் பேசும், மாமா" என்றாள் செல்லக்கிளி.

கூட்டம் புளியமரத்தடிக்குப் பின்வாங்கிக் கலந்து பேசியது. விஷயம் சிக்கலானது. எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கப் போனால் நடுவில் செல்லக்கிளி நிற்கிறாள். அவள் எவ்வளவு தாங்குவாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தாண்டி இன்னொரு தெரியாததை எப்படிப் பார்ப்பது? முதலில் அவளைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இருளப்பனை அனுப்பினார்கள். ஆறு முழத் தூரத்தில் நின்றான். செல்லக்கிளி பார்த்தாள், ஹேண்டில் அசையவில்லை. நாலு முழத்துக்கு வந்தான். முறைத்தாள். மூணு முழம். ஹேண்டில் கொஞ்சம் மேலே போயிற்று, ஆனால் அங்கேயே நின்றது. ரெண்டு முழத்தில் காலை வைத்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. "மூணு முழம்" என்றான், தோளைப் பிடித்துக்கொண்டு.

"மூணு முழம்" என்று ஊரே மெதுவாகச் சொல்லிக்கொண்டது. இன்றைக்கும் ஒன்று தெரிந்துகொண்டோம் என்கிற திருப்தியில், பத்துக் குதிரையை மறந்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். போகிற போக்கில் கொண்டையா எஞ்சின் ரூம் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போனார்: 'செல்லக்கிளி மூணு முழம் தாங்கும்.'

கடைசிப் பாத்தியும் நனைந்தது. வெங்காயம் பிழைத்துவிட்டது. செல்லக்கிளி எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்தி, ஹேண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். கோபம் எல்லாம் தண்ணியோடு போயிருந்தது. திரும்பி, "வாங்க, சோறு போடுறேன்" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

வெள்ளைக்கண்ணு சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தான். வேலியிலிருந்து ஒரு கம்பை உருவினான். முழம் போட்டு, சரியாக மூணு முழத்துக்கு ஒடித்தான். அதை அவள் முதுகுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் நேராகப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாக அவள் பின்னாலேயே நடந்து போனான்.