நெடுந்திரையரின் கடைசிக் கட்டளை

செத்தவர் எழுந்து வந்து, "நான் அப்படிச் சொல்லவில்லையே அப்பா" என்று மறுக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சேந்தன்துறை அரசவையில் துணைத் தளபதி வாகைசூடி வாயைத் திறந்தார்.

கடற்படைத் தலைவர் நெடுந்திரையர் கடற்கொள்ளையரை ஓட ஓட விரட்டியவர். வெற்றி கைக்கு வந்த வேளையில் கழுத்தில் அம்பு தைத்து இறந்துபோனார். அவருக்குத் துறைமுகத்தில் கல் நட வேண்டும், அதில் அவருடைய கடைசி வார்த்தையை வெட்ட வேண்டும் என்பது மன்னர் சேந்தமாறரின் ஆசை.

"என் மடியில்தான் மன்னா உயிர் விட்டார்," என்றார் வாகைசூடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "'கடலன்னையே, போய் வருகிறேன். மன்னர் வாழ்க, அவர் குலம் வாழ்க. எனக்குப் பின் வாகைசூடியே படையை நடத்தட்டும். அவன் வீரன், பொறுமைசாலி, பார்வைக்கும் லட்சணமானவன்...'"

"கழுத்தில் அம்போடு இவ்வளவுமா பேசினார்?" என்று கேட்டான் மருதக்கூத்தன். அவையில் இப்படிக் குறுக்கே பேசுவதற்கென்றே மன்னர் சோறு போட்டு வைத்திருந்தவன் அவன்.

"நான் சுருக்கிச் சொல்கிறேன்," என்றார் வாகைசூடி.

தளபதியின் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக இருந்த உடையாண்டியும் அப்போது பக்கத்தில் இருந்தானாம். அவனையும் கூப்பிட்டார்கள்.

"உள்ளதைச் சொல்," என்றார் மன்னர்.

"கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாரு சாமி. அம்பு வந்து தச்சுது. 'உப்புப் பத்தலை, உப்புப் போடு'ன்னாரு. தலை சாஞ்சிருச்சு. அம்புட்டுத்தான்."

அவை கொல்லென்று சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "என் சிங்கத்தைச் சாப்பாட்டு ராமன் ஆக்குகிறாயா? பொழுது சாய்வதற்குள் நீ சொன்னது மெய்யென்று தெரியாவிட்டால் உன்னைக் கல்லைக் கட்டிக் கடலில் இறக்குவேன்!"

மருதக்கூத்தன் பண்டாரியைப் பார்த்தான். ஆள் நடுங்கவில்லை. முகத்தில் என்னவோ ஒரு கடுப்புதான் தெரிந்தது. உயிரைப் பணயம் வைத்து ஒருவன் உப்பைப் பற்றியா பொய் சொல்வான் என்று மருதக்கூத்தனுக்குத் தோன்றியது. வாகைசூடியின் பக்கம் திரும்பினான்.

"துணைத் தளபதி அவர்களே, தளபதி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் கப்பலில் என்ன செய்வது வழக்கம்?"

"இதுகூடத் தெரியாதா? கடல் காற்று பேச்சைத் தின்றுவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவன் அதை அப்படியே கூவ வேண்டும். அடுத்த கப்பல் கேட்டு அதற்கடுத்த கப்பலுக்குக் கூவும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. கேட்டதைக் கூவு, கூவியதைச் செய்!"

"நீங்கள் கூவினீர்களா?"

கூவவில்லை என்றால் அது படைக்குற்றம். "தொண்டை கிழியக் கூவினேன்," என்றார் வாகைசூடி.

"அப்படியானால் மற்ற முப்பத்தொன்பது கப்பல் தலைவர்களையும் கேட்டுவிடுவோம்," என்றார் மன்னர்.

"என்ன கேட்டது என்று கேட்காதீர்கள் மன்னா. நாளைக்கு அவர்களுக்கே அதிகாரியாக வரப்போகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். நான் வேறொன்று கேட்கிறேன்."

தலைவர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். முதல் ஆளிடம் போனான் மருதக்கூத்தன்.

"ஐயா, அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?"

"கஞ்சி."

"எப்படி இருந்தது?"

அந்த மனிதரின் முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. "அதை ஏன் ஐயா கேட்கிறீர்கள்? வாயில் வைக்க முடியவில்லை. ஒரே உப்பு!"

"எங்கள் கப்பலில் பூனைகூட நக்கவில்லை," என்றார் அடுத்தவர்.

"கடல் தண்ணீரே தேவலை," என்றார் மூன்றாமவர். வரிசை முழுக்க இதே புலம்பல்.

"ஏற்கெனவே உப்புப் போட்ட கஞ்சியில் மறுபடி ஏன் போட்டீர்கள்?"

கடைசியில் நின்ற கிழவர், பழக்க தோஷத்தில் நெஞ்சை நிமிர்த்தி, "தளபதி கட்டளை!" என்று முழங்கிவிட்டு, வாகைசூடியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி, பண்டாரி பிழைத்தான்," என்றார் மன்னர் சோர்ந்துபோய். "ஆனால் மருதக்கூத்தா, வீரனின் கல்லில் 'உப்புப் பத்தலை' என்றா வெட்டுவது? பகைவன் சிரிக்க மாட்டானா?"

"எப்படிச் சிரிப்பான் மன்னா? 'தீவைப் பிடி' என்று சொல்லியிருந்தால் பாதிக் கப்பல் யோசித்திருக்கும். இவர் 'உப்புப் போடு' என்றார். அம்பு பறக்கும் நேரத்தில், ஒருவரும் ஏனென்று கேட்காமல், முப்பத்தொன்பது பானையில் உப்பு விழுந்தது. உயிர் போகிற நேரத்திலும் இப்படிப் பணிய வைத்த தலைவர் வேறு எந்த நாட்டில் இருக்கிறார்? தாராளமாக வெட்டச் சொல்லுங்கள். பகைவன் படித்துப் பார்த்து நடுங்கட்டும்!"

மன்னர் முகம் மலர்ந்தது. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மருதக்கூத்தனிடம் கொடுத்தார். பண்டாரி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"உனக்கு இன்னும் என்னடா?"

"சாமி, அதைக் கல்லுல வெட்டினா ஏழு தலைமுறைக்கும் என் மானம் போச்சு. பக்கத்துல நின்னவன் நான், வழக்கப்படி கூவினேன். அப்புறம் ஒரு வாய் ருசி பார்த்தேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு. கழுத்துல அம்பு தச்ச மனுசனுக்கு நாக்குல என்ன தெரியும்? அதனால நான் மட்டும் போடலை."

"அதற்குச் சாட்சி?"

"இதோ, துணைத் தளபதிதான். சண்டை முடியிற வரைக்கும் என் அடுப்புக்குப் பின்னாலதானே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாரு. மூணு கலயம் குடிச்சாரு. கேட்டுப் பாருங்க!"

எல்லாத் தலையும் வாகைசூடியின் பக்கம் திரும்பியது. அவர் விழித்தார். வேர்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்: "உப்பு... சரியாகத்தான் இருந்தது மன்னா."

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அன்றைக்கே சிற்பிக்கு ஓலை போயிற்று. துறைமுகத்துக் கல்லில் இரண்டு வரி வெட்டினார்கள்.

மேலே: "உப்புப் பத்தலை — தளபதி நெடுந்திரையர்."

கீழே: "பத்தும் — பண்டாரி உடையாண்டி."