ஆவுடையப்பன் கம்ப்யூட்டரை அணைத்த கதை

புளியங்கிணறு என்கிற ஊரில் ஆவுடையப்பன், சோலையப்பன், குருவையா என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூளை மூவருக்கும் பொது. அன்றன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

மூத்தவன் ஆவுடையப்பனுக்குப் பெண்ணே அமையாமல் முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. ஒருவழியாகப் பக்கத்து ஊர் வேலாயுதம் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். விவரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால்தான் மதிப்பு என்று அக்கா முத்துக்கனி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடையப்பன் ஒற்றை விரலால் குத்திக் குத்தித் தன் பெருமையை ஒரு பக்கத்துக்கு ஏற்றியிருந்தான்.

அக்கா பஸ் ஏறும்போது சொன்னாள்: “கரண்ட் போனா இந்த யுபிஎஸ் பெட்டி கத்தும். ரொம்ப நேரம் தாங்காது. உடனே சேவ் பண்ணு. திறந்திருக்கிறதையெல்லாம் ஒண்ணொண்ணா மூடு. அப்புறம் அணை. சட்டுன்னு மட்டும் அணைச்சிராதே, கெட்டுப்போயிரும்.”

வேலாயுதம் வரவேண்டிய நேரத்தில் கரண்ட் போனது. பெட்டி ‘கீ... கீ...’ என்று கத்தியது. ஆவுடையப்பன் தம்பிகளைக் கூவி அழைத்தான். இது போனால் கல்யாணமும் போச்சே!

“சேவு பண்ணச் சொன்னாளே! காரச்சேவா, இனிப்புச் சேவா?” என்றான் குருவையா.

சோலையப்பன் தாடையைத் தடவினான். “இந்தக் கத்து கத்துது. காரம் ஆகாது.”

குருவையா கடலைமாவோடு அடுப்படிக்கு ஓடினான். மற்ற இருவரும் வாசல், ஜன்னல், பீரோ, உப்பு ஜாடி என்று மூடிக்கொண்டே வந்தார்கள். அவசரத்தில் இரண்டு ஜன்னலை ஒன்றாகச் சாத்திவிட்டார்கள்.

“ஒண்ணொண்ணான்னு அக்கா சொன்னா, ரெண்டையும் சேர்த்துச் சாத்துறியே!” என்று தம்பியை அதட்டினான் ஆவுடையப்பன்.

இரண்டையும் திறந்து, மறுபடி முறையாகச் சாத்தினார்கள். அடுப்படியில் குருவையா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அதையும் மூடினார்கள்.

“கம்ப்யூட்டர் இன்னும் திறந்து கிடக்கே,” என்றான் சோலையப்பன். முகூர்த்தத்துக்கு எடுத்த பட்டு வேட்டியால் அதைப் போர்த்தினார்கள்.

“இனி அணைக்கணும். மெல்ல, அண்ணே!”

ஆவுடையப்பன் கைகளை விரித்து, அடிமேல் அடி வைத்துப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை மெல்ல அணைத்தான்.

அந்த நேரம் பார்த்து வேலாயுதம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவரும் அவர் ஊரில் பேர்போன புத்திசாலி.

“என்ன மாப்பிள்ளை, இப்படிக் கத்துது?”

“அக்கா விட்டுட்டுப் போனது மாமா. கரண்ட் போனா இப்படித்தான்.”

“இருட்டுக்குப் பயந்திருக்கும். பச்ச மண்ணுதானே!”

ஆவுடையப்பன் இன்னும் கொஞ்சம் இறுக்கினான். பெட்டி நீளமாக ஒரு தரம் கத்திவிட்டு ஓய்ந்தது. அடித்து வைத்த பெருமையெல்லாம் அதோடு போயிற்று. அது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

“கெட்டிக்காரர்!” வேலாயுதம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அக்கா பிள்ளையையே இப்படித் தூங்க வைக்கிறவருக்கு எழுத்து விவரம் எதுக்கு? என் மக உங்களுக்குத்தான்.”

கிளம்புமுன் ஆசையாக வேட்டியை விலக்கி எட்டிப் பார்த்தார். கறுத்துக் கிடந்த திரையில் ஆவுடையப்பனின் முகம், வழுக்கையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

“அடேயப்பா!” என்றார் வேலாயுதம். “அப்படியே தாய்மாமனை உரிச்சு வச்சிருக்கு!”