அண்ணாச்சியின் நான்கு சாவிகள்

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் சவரிராயன் என்றொரு கார் மெக்கானிக் இருந்தான். ஐம்பது வயசு. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் ஆகாமல், பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் காலத்தை ஓட்டினான். போன வருஷம் பட்டறையில் சாவி புரோகிராமிங்கும் சேர்த்தான். இந்தக் காலத்துக் கார்களுக்குச் சாவியை வெட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? அதற்குள் இருக்கும் சிப்பை வண்டிக்கு அடையாளம் காட்ட ஒரு மெஷின் வேண்டும். தொழில் என்னவோ நன்றாகத்தான் நடந்தது, பேச்சுத்துணைதான் போய்விட்டது. கியர்பாக்ஸ் வேலைக்கு வருகிறவர் அரைநாள் இருந்து ஊர்க்கதை பேசுவார். சாவிக்கு வருகிறவர் உட்காரக்கூட மாட்டார்.

அப்படியும் உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் வெயிலுமுத்து அண்ணாச்சி. ஓய்வு பெற்ற சர்வேயர். மனைவி போன பிறகு பெரிய வீட்டில் தனிக்கட்டை. சித்திரையில் ஒருநாள் காரோடு வந்து மூன்று புதுச் சாவி கேட்டார்.

"மூணு எதுக்கு அண்ணாச்சி? ஓட்டுறது நீங்க ஒரு ஆளு."

"மெட்ராஸ்ல இருக்கிற என் மகன் பரதனுக்கு ஒண்ணு. தம்பி மகன் சிவசைலத்துக்கு ஒண்ணு. எதிர்வீட்டு ஆவுடையம்மாளுக்கு ஒண்ணு. சாவி கையில இருந்தா என்னைக்காவது எட்டிப் பாக்கணும்னு தோணும்லாவே." தன் பழைய சாவியைச் சவரிராயன் பக்கம் தள்ளினார். "இது உம்மகிட்ட இருக்கட்டும். எனக்குப் பிறகு, என் பக்கத்துல வந்து உட்கார்ந்தது யாருன்னு பாத்து, அவங்க சாவியை மட்டும் வச்சிக்கிட்டு மத்த எல்லாத்தையும் வண்டி மறந்துபோற மாதிரி அழிச்சிரும். வண்டி அவங்களுக்கு. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

எப்படிப் பார்ப்பது என்கிறீர்களா? அந்த வகைக் காரில் ஒரு வசதி உண்டு. ஒரு சாவியால் கிளப்பிய வண்டியை அணைக்கும்போது, அந்த நேரத்து மீட்டர் எண் அந்தச் சாவிக்குள் பதிந்துவிடும். மெஷினில் வைத்தால் கடைசியாகப் பதிந்த எண்ணைச் சொல்லிவிடும். அன்று நான்கு சாவியிலும் 41,200 இருந்தது.

அதே வாரம் அண்ணாச்சி போன் செய்தார். முதுகெலும்பு தேய்ந்துவிட்டதாம். இனிமேல் எந்த வண்டியிலும் போகக் கூடாது, குலுங்கினால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "வீட்டுக்குள்ளேயே கிடக்கேன் வே. ஒருநாள் வாருமே, பேசிக்கிட்டிருக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை வாறேன் அண்ணாச்சி" என்றான் சவரிராயன். எத்தனை ஞாயிறு வந்தது, போனது! தனியாகவே கிடந்து பழகியவனுக்கு அடுத்தவர் வீட்டு வாசலேறக் கூச்சம். தை பிறந்ததும் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சவரிராயன் மெஷினோடு அந்த வீட்டுக்குப் போனான். அன்றைக்குத்தான் முதல்முறை. முற்றத்து வேப்பமரத்தடியில் கார் நின்றது. சக்கரங்களைச் சுற்றி ஒரு சாண் சருகு, கலையாமல் கிடந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட் முழுசாகப் பின்னால் சாய்ந்திருந்தது.

"தீபாவளிக்கு வந்து அப்பாவை இந்தக் கார்லதான் கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றான் பரதன்.

"வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் நான் ஓட்டின ஓட்டம் மீட்டர்லயே இருக்கு" என்றான் சிவசைலம். "ஆனியோட இந்த இடத்துல நிப்பாட்டினேன். அப்புறம் இது நகரவே இல்லை."

ஆவுடையம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள், ஞாயிறு ஒன்றுதான் லீவு. அவள் சாவியை நீட்டினாள். "திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுண்ணே."

மெஷின் பேசியது. பரதன் சாவியில் 41,200. சிவசைலம் சாவியில் 41,950. ஆவுடையம்மாள் சாவியிலும் 41,950. காரின் மீட்டரும் அதே 41,950.

சிவசைலம் சிரித்துவிட்டான். "ஓட்டத் தெரியாத அக்கா சாவிக்குள்ள நான் ஓட்டின கிலோமீட்டர் எப்படி வந்துச்சு? உங்க மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு!"

சவரிராயன் ஆவுடையம்மாள் சாவியைக் காரில் போட்டுத் திருப்பினான். ஏழு மாதம் நகராமல் நின்ற வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார்? சவரிராயன் எந்தச் சாவியை வைத்து, எவற்றை அழிக்க வேண்டும்?

விடை: ஆவுடையம்மாள்தான். பரதன் சாவி, வாங்கிய நாளுக்குப் பிறகு வண்டியைத் தொட்டதே இல்லை. சிவசைலம் ஓட்டியது உண்மை, ஆனால் வண்டியில் போகவே கூடாத அண்ணாச்சி அதில் இல்லை. ஏழு மாதம் கிளப்பாமல் விட்டிருந்தால் பேட்டரி செத்திருக்கும். கிலோமீட்டர் கூடாமல் வாராவாரம் யாரோ கிளப்பியிருக்கிறார்கள், அந்த எண் அவள் சாவியில் இருந்தது. கேட்டதும் அழுதுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆனா பக்கத்து சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்குவாரு. நான் ஏசியைப் போட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குவேன். சர்வே பண்ணின ஊரையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே வருவாரு. நான் உம் கொட்டுவேன். அவ்வளவுதாண்ணே." சவரிராயன் அவள் சாவியை மட்டும் வைத்து மற்ற மூன்றையும் அழித்தான். பரதனுடையது ஒன்று, சிவசைலத்துடையது ஒன்று. மூன்றாவது, அண்ணாச்சி அவனிடம் கொடுத்த பழைய சாவி, அவன் சட்டைப்பையில் இருந்தது, அதிலும் 41,200தான்.