ஐஸ் அறைக் கதவும் ஒற்றை ரம்பமும்

தருவைக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர் அறை உண்டு. ஜெசிந்தா தன் இறால் பெட்டிகளை அடுக்க உள்ளே போனபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து இழுத்தவர்கள் கையோடு கைப்பிடி பெயர்ந்து வந்தது. உள்ளேயிருந்து திறக்கும் கம்பியும் முறிந்திருந்தது. குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள், ஆனாலும் உள்ளே உறைபனிக் குளிர். அவள் உடுத்தியிருந்ததோ பருத்திச் சேலை. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வரவேண்டும்.

தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டால் தாழை இழுத்துவிடலாம் என்றான் எலெக்ட்ரீஷியன் ராயன். அவனிடம் டிரில்லிங் மிஷின் இருந்தது. அந்த அளவு ஓட்டைக்கு ஹோல் சா வேண்டும். கிண்ணம் போன்ற வட்ட ரம்பம் அது, விளிம்பெல்லாம் பல். ஊரிலேயே ஒன்றுதான், படகுத் தச்சர் தொம்மையிடம். மரத்துக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்தார். இரும்பில் ஓட்டினால் பல் மழுங்கிவிடும் என்று தெரிந்தும் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

"போனாப் போவுது, ஓட்டு" என்றார்.

கதவின் வெளித்தகடு சாதாரண இரும்பு. ரம்பம் பதிந்ததும் புகை எழுந்தது. மீன் வெட்டும் லூர்தம்மாள், "எரியுதுல்லா! நிறுத்துப்பா!" என்று கத்தி, தன் கூடையிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வெட்டில் ஊற்றினாள். புகை அடங்கியது. தகடு அறுந்தது.

அடுத்தது, வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே குளிரைக் காக்கும் நுரை அடைப்பு. ரம்பம் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. கூட்டம் ஆரவாரித்தது. அப்போதுதான் ராயன் மிஷினை நிறுத்தி ரம்பத்தை வெளியே எடுத்தான்.

ஜெசிந்தாவின் கணவன் சிலுவை அவன் சட்டையைப் பிடித்தான். "ஏம்ல நிறுத்துற? உள்ளே என் பொண்டாட்டி கிடக்கா!"

"பல்லு பூரா நுரை உருகி ஒட்டியிருக்கு மச்சான். இப்படியே உள்தகட்டுல வச்சா அறுக்காது, தேயும். அது எவர்சில்வர், இரும்பை விடக் கெட்டி. வேற ரம்பம் நம்மகிட்ட இல்ல."

கிண்ணத்துக்குள் சிக்கியிருந்த வட்டத் தகட்டை ஆணியால் நெம்பி எடுத்தான். ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினான். மிச்ச நுரையைக் கத்தியால் தோண்டினான். சுற்றிலும் வசவு. "கொலைகாரப் பாவி" என்றுகூட ஒருவர் சொன்னார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த தட்டல் நின்றுபோனது. ராயன் அவசரப்படவில்லை. மறுபடி எண்ணெய் விட்டு, மிஷினை மெதுவாகச் சுழலவிட்டு, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். இடையிடையே ஆறவிட்டான். உள்தகடு அறுந்து விழுந்தது. சிலுவை கையை நுழைத்துத் தாழை இழுத்தான். ஜெசிந்தா விறைத்துப்போய்க் கிடந்தாள், மூச்சு இருந்தது. பிழைத்தாள்.

மறு மாதம் ஜெசிந்தாவும் சிலுவையும் செய்வித்த புது வள்ளம் கடலில் இறங்கும் நாள் வந்தது. தன் உயிரைக் காத்தவர்தான் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் முதலில் கை வைத்துத் தள்ளவேண்டும் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். "எண்ணெய் இல்லன்னா முதல் தகட்டுலயே முடிஞ்சிருக்கும், லூர்துதான்" என்றார் தொம்மை. "ரம்பத்தைக் கொடுத்தவுகளை விட்டுட்டு நானா?" என்றாள் லூர்தம்மாள். ராயனோ அந்த இருவரையும் காட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

இந்த மூவரில் அணியத்தில் முதலில் கை வைக்க உரியவர் யார்?

விடை: ராயன். ரம்பம் தந்தபோதும் எண்ணெய் ஊற்றியபோதும் ஊர் உடன் நின்றது. நிறுத்தியபோது ஊரே எதிர்த்து நின்றது. ஜெசிந்தா இறந்திருந்தால் பழி முழுவதும் அவன் ஒருவன்மேல்தான். ஜெசிந்தாவும் அவனைத்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "மிஷின் சத்தம் நின்னப்போ, கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சு உன்னைத்தான் திட்டுனேன் அண்ணே" என்று சொல்லி அழுதாள். ராயன் கை வைத்தான். தொம்மையும் லூர்தம்மாளும் தோள் கொடுத்தார்கள். வள்ளம் தண்ணீரைத் தொட்டது.